நாலும் முப்பதும்

நாலும் முப்பதும் என்று சொல்லிவிட்டேன், வோக்கிடோக்கியின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தும் விட்டேன், மலையடிவாரத்திலிருந்து நேரக்கணக்குத் தலைவர் ஊர்ஸ் "விளங்கீட்டுது" என்று பதிலும் சொல்லிவிட்டார், எல்லாம் முடிந்த பிறகுதான் என் வாய் என்னிடம் வந்து, நீ முதலில் சொன்னது இது இல்லையே என்கிறது. முதலில் என்றால் மூன்று நிமிடத்துக்கு முன்பு, இருபத்திமூன்றாம் இலக்கக்காரி என் முழங்கைக்குப் பக்கத்தால் பனியில் பாய்ந்து போன அந்தக் கணத்தில். மணி பத்து, இருபத்திரண்டு நிமிடம், ஒரு செக்கன், அதற்கு மேல் நூற்றில் இத்தனை பங்கு. அந்த இத்தனைதான் இப்போது வில்லங்கம். தாளில் 34 என்று இருக்கிறது. என் சொந்தக் கையெழுத்து, விரல் விறைத்ததால் கொஞ்சம் கோணல், ஆனால் 34 தான். வாயிலோ மூன்றும் நாற்பதும் என்று சொன்ன உணர்வு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சுவிஸ் மலையூர் ஜேர்மன் பாஷைக்காரர் எண்ணைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்குகிறவர்கள். எங்களுக்கு நாற்பத்து மூன்று, அவர்களுக்கு மூன்றும் நாற்பதும். எங்களுக்கு முப்பத்து நாலு, அவர்களுக்கு நாலும் முப்பதும். மூன்றும் நாற்பதும் என்று வாயால் சொல்லிக்கொண்டே, முதலில் காதில் விழுந்த மூன்றை முதலில் எழுதி, பிறகு விழுந்த நாலைப் பிறகு எழுதினால் என்ன வரும்? 34 வரும். கடவுளே, வரும்தானே. இல்லை, வாய் பிழையாகச் சொல்லி, கை சரியாக எழுதியிருக்கவும் கூடும். இல்லை, வாய் அப்படி ஒன்றும் சொல்லவேயில்லை, இப்போது பயத்தில் சொன்னேன் என்கிறது. வாயை நம்புவதா கையை நம்புவதா என்று ஒரு மனிதன் யோசிக்க வேண்டிய இடமா இது, இரண்டாயிரத்து முந்நூறு மீற்றர் உயரத்தில், பதினொரு பாகை உறைகுளிரில், மூக்கு நுனி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நேரத்தில்?

பெண்களுக்கான சூப்பர் ஜி பனிச்சறுக்குப் பந்தயம், ஒரே ஓட்டம், நிமிடத்துக்கு ஒருத்தி. முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களுக்கு அடுத்த மாதம் பெரிய கிண்ணப் போட்டியில் ஓட அழைப்பு, நாலாவதாக வந்தவளுக்குக் கை குலுக்கல். நேரத்தை எடுப்பது நான் இல்லை, மின்சாரம். தொடக்கவாசலில் ஒரு தடி இருக்கிறது, ஓடுகிறவளின் கால் அதைத் தள்ளியதும் கணக்கு தொடங்கும், கீழே ஒளிக்கதிரை அவள் வெட்டியதும் முடியும். அதுவும் ஒன்றுக்கு இரண்டாக, ஒன்று படுத்தால் மற்றது எழும்பும். இரண்டும் படுத்தால் மூன்றாவதாக ஒரு மனிதன், கையில் ஒரு மணிக்கூட்டோடு. அந்த மனிதன் நான். யோகநாயகம், இவர்களுக்கு யோகி. யோகாசனம் செய்கிறவன் என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. சாதாரண நாளில் எனக்குச் சறுக்க வருகிறவர்களை மலைக்கு ஏற்றுகிற கதிரை லிஃப்டில் வேலை, யாராவது விழுந்தால் நிறுத்துப் பொத்தானை அமுக்குவது என் தொழில். என் பெருவிரலின் சுறுக்கைப் பார்த்துத்தான் ஊர்ஸ் என்னைப் பனிச்சறுக்குக் கழகத்துக்குள் எடுத்தார். ஆறு குளிர்காலம். எத்தனையோ ஆயிரம் தரம் அமுக்கி, எத்தனையோ ஆயிரம் தரம் எழுதி, ஒரு தரம்கூட ஒருவரும் என்னிடம் நேரம் கேட்டதில்லை. பந்தயம் முடிந்ததும் என் தாளை ஊர்ஸ் வாங்கி மடித்து ஒரு கோப்புக்குள் வைப்பார், அவ்வளவுதான். ஒரு தரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், யோகி, உன்ரை விரல் மின்சாரத்திலும் பார்க்க நூற்றில் பதினொரு பங்கு பிந்தி நிக்குது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். தேவையில்லை, எப்பவும் அதே பதினொண்டுதான் பிந்துறாய், எப்பவும் ஒரே அளவு பிந்துறவன் பிந்துறவன் இல்லை, அதைக் கழிச்சால் சரி என்றார். வீட்டுக்குப் போய்ப் பவளத்துக்குச் சொன்னேன். அப்ப எங்கட சனம் முழுக்க நேரத்துக்குத்தான் வருகுது, எல்லாரும் எப்பவும் ரெண்டு மணித்தியாலம்தானே பிந்துகினம் என்றாள் பவளம். என் மனைவி கெட்டிக்காரி. எங்கள் கலியாண அழைப்பிதழில் சுபமுகூர்த்தம் ஒன்பது பன்னிரண்டிலிருந்து பத்து மூன்று வரை என்று நிமிடக் கணக்கில் அச்சடிப்போம், மண்டபத்துக்குப் போனால் பத்தேகாலுக்கு நாதஸ்வரக்காரர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்.

ஆறு வருடம் கேட்காதவர் இன்றைக்குக் கேட்டுவிட்டார். பெல்ஜியக்காரி லொட்டெ, இலக்கம் இருபத்திமூன்று, போன மறுகணம் வோக்கியில் ஊர்ஸ் கத்தினார், இருபத்திமூண்டுக்குத் தொடக்கம் விழேல்லை, ரெண்டிலையும் விழேல்லை, அடுத்தவளை மறிச்சுப் பிடியுங்கோ. தடியிலிருந்து இரண்டுக்கும் பொதுவாகப் போகும் வயரின் இணைப்புக்குள் பனி போய் அது கழன்றிருந்தது. தொடக்க நடுவர் அன்ரன், இந்த வாசலுக்குப் பின்னால் என்னோடு நிற்கிற ஒரே மனிதர், முழங்காலில் விழுந்து இணைப்பை வாயால் ஊதி மாட்டினார். மாட்டிவிட்டுச் சரியா என்று பார்க்கத் தடியைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். தடி அசைந்தது. தடி அசைந்தால் என் பெருவிரல் அமுக்கும். அதற்கு அதுதான் தெரியும், ஆறு வருடம் அதைத்தான் பழக்கியிருக்கிறேன். அமுக்கிவிட்டது. மணிக்கூட்டில் நின்றிருந்த லொட்டெயின் நேரம் போய், அன்ரனின் கை தட்டிய நேரம் வந்து நின்றது. பழைய மணிக்கூடு, கடைசியாக அமுக்கியது மட்டும்தான் அதன் ஞாபகத்தில் நிற்கும், அந்த விஷயத்தில் என் மாமனார் மாதிரி. ஆக உலகத்தில் அந்த நேரம் இப்போது இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, ஒன்று தாளில், மற்றது என் மண்டையில், இரண்டும் ஒன்றோடொன்று கோபம். கையால எடுத்த நேரம் என்ன யோகி என்று ஊர்ஸ் கேட்டபோது தாளைப் பார்த்து வாசித்தேன். எழுதியிருக்கிறதைத்தானே வாசிக்கலாம். பீப், பீப் என்று தொடக்க மணிக்கூடு கத்துகிறது, இருபத்திநாலு போகிறாள், அமுக்கு. இருபத்தாறு நிமிடம், சைபர் செக்கன், எட்டும் எழுபதும், எட்டும் எழுபதும், 78, முதலில் ஏழு, பிறகு எட்டு, கவனம், 78. இப்படித்தான் ஊர்ஸின் விதி: பார், உரத்துச் சொல், பிறகு எழுது. உரத்துச் சொன்னால் பிழை வராதாம். அவருக்கு வராது, அவருடைய பாஷை.

"நாலாவது," என்கிறார் அன்ரன். போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அன்ரன் பேசுவது இந்த மலைப்பக்கத்து ஜேர்மன், ஆனால் என் தலைக்குள் வந்து சேரும்போது அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வரும், ஊர்ஸ் கொஞ்சம் பருத்தித்துறைப் பக்கம், அன்ரன் தீவுப் பக்கம். "பெல்ஜியக்காரி நாலாவது. ஒரு நிமிசம் பத்தொன்பது ஐம்பத்தெட்டு."

"மூண்டாவது?" என்று கேட்கிறேன், தெரியாதவன் மாதிரி.

"லடீனாதான். ஐம்பத்திரண்டு. இனி ஓடுறவை ஒருத்தரும் இதுக்குக் கிட்ட வரமாட்டினம்."

லடீனா அன்ரனின் அக்காவின் மகள். ஒன்பதாம் இலக்கம், இந்த ஊர்ப் பிள்ளை, கீழே ஊரே உற்சாகத்துக்கு அடிக்கிற மாட்டுமணியோடு வந்து நிற்கிறது. ஐம்பத்தெட்டும் ஐம்பத்திரண்டும், ஆறு பங்கு வித்தியாசம். லொட்டெ புறப்பட்டது 34 இல்லாமல் 43 என்றால் ஒன்பது பங்கு பிந்திப் புறப்பட்டிருக்கிறாள், அப்படியென்றால் ஓடிய நேரம் ஒன்பது பங்கு குறைவு, ஐம்பத்தெட்டிலிருந்து ஒன்பதைக் கழி, நாற்பத்தொன்பது. லடீனாவுக்கு முன்னால் மூன்று பங்கு. மூன்றாவது இடம் பெல்ஜியத்துக்கு, கை குலுக்கல் லடீனாவுக்கு. இன்னொரு தரம் கழித்துப் பார்க்கிறேன், எப்படிக் கழித்தாலும் அதே விடை. என் விரலின் பதினொன்றைக் கழித்தால் 34 இருபத்திமூன்றாகிறது, இருபத்திமூன்று அவளுடைய இலக்கம். 43 இல் பதினொன்று போனால் முப்பத்திரண்டு, அது இருபத்திமூன்றின் தலைகீழ். இது கடவுள் எனக்கு ஏதோ சொல்கிற மாதிரியும் இருக்கிறது, கடவுளுக்கே எந்தப் பக்கத்தால் வாசிப்பது என்று தெரியாத மாதிரியும் இருக்கிறது. அன்ரனைப் பார்க்கிறேன். சிரிக்கவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பார். இவர்கள் சந்தோஷத்தையும் வயிற்றுவலியையும் ஒரே முகத்தால்தான் காட்டுவார்கள். என் தோளில் லொட்டெயின் ஜக்கெட் தொங்குகிறது. மற்றவளுகளுக்கெல்லாம் ஆள் இருக்கிறது, தொடையில் தட்டிச் சூடேற்ற ஒருவர், தோளில் தட்டி உசுப்பேற்ற ஒருவர், ஜக்கெட் வாங்கிக் கீழே கொண்டுபோக ஒருவர். இவள் தன் தொடையில் தானே தட்டினாள், தன் தோளில் தானே தட்ட முயன்று கை எட்டாமல் விட்டாள், ஜக்கெட்டைக் கழற்றிச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பெல்ஜியம் தட்டையான நாடாம், மலையே கிடையாதாம். மலை இல்லாத நாட்டில் பிறந்து இதற்கு வந்து நிற்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு என்னை நினைத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரே மலை கீரிமலை, அது மலை இல்லை, கேணி.

இப்போது ஒரு பொத்தானை அமுக்கி, ஊர்ஸ், எனக்கு ஒரு சந்தேகம் என்று சொன்னால் என்ன? சொல்லலாம். வாயைத் திறந்தால் காரியம் முடிந்தது. ஆனால் மணி பத்து இருபத்தாறேமுக்கால், சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். காலையில் பவளம் சொன்னாள், இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பத்தரை மட்டும் ஒண்டும் தொடங்காதேங்கோ. நான் சொன்னேன், பவளம், நான் ஒண்டும் தொடங்கிறேல்லை, மற்றவை தொடங்கிறதைப் பாத்து எழுதிறது மட்டும்தான். அது பரவாயில்லை என்று அனுமதி தந்தாள். அந்தக் கலண்டர் யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது, அங்கே ஒன்பது என்றால் இங்கே விடிய நாலரை, அப்படிப் பார்த்தால் ராகு எங்களுக்கு ஆறு மணிக்கே எழும்பிப் போயிருக்க வேண்டும். இதைச் சொல்லிப் பார்த்தேன். சூரியன் எங்கையோ அங்கத்தை நேரம்தான் கணக்கு, விசர்க்கதை கதையாதேங்கோ என்றாள். லொட்டெ புறப்பட்டது நட்ட நடு ராகுவில். வயர் கழன்றதும் ராகுவில். நான் எழுதியதும் ராகுவில். இப்போது திருத்தினால் திருத்தமும் ராகுவில்தானே போய் விழும்? பத்தரைக்கு இன்னும் மூன்று நிமிடம். பத்தரைக்குச் சொல்லுவோம். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, ஆனால் மூன்று நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது. பீப். இருபத்தைந்து. அமுக்கு. ஒன்றும் ஐம்பதும். அதாவது ஐம்பத்தொன்று. ஐந்தை எழுது முதலில். 51. பதினைந்து இல்லை, ஐம்பத்தொன்று.

ராகு ஒரு சாட்டு, எனக்குத் தெரியும். உண்மை என்னவென்றால் வெட்கம். இந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு எழுதியிருந்தேன், நேர்முகத்துக்கு வரச்சொல்லிப் போனில் ஒரு பெண் சொன்னாள், வியாழக்கிழமை பாதிப் பத்துக்கு வாருங்கள் என்று. பாதிப் பத்து என்றால் பத்தரை என்று நினைத்தேன். யார்தான் நினைக்கமாட்டார்கள்? இவர்களுக்குப் பாதிப் பத்து என்றால் ஒன்பதரையாம், பத்தாவது மணித்தியாலத்தில் பாதி ஆகிவிட்டதாம், என்ன மூளையப்பா. நான் பத்து இருபதுக்கே போய், பத்து நிமிடம் முன்னால் வந்த பெருமையில் கோட்டின் பனியைத் தட்டிவிட்டுக் கொண்டு உள்ளே போனால், மூன்று பேர் ஐம்பது நிமிடமாக மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் கேள்வி, சுவிஸ் மக்களின் சிறப்பான குணம் என்று நீங்கள் எதைச் சொல்லுவீர்கள்? நேரம் தவறாமை என்று பாடமாக்கி வைத்திருந்த விடையைச் சொன்னேன். அவர்கள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை என் கண்ணாலே பார்த்தேன். குடியுரிமை தந்தார்கள், அது வேறு, ஆனால் சின்ன ஊர், அந்த மூன்று பேரில் ஒருவர் ஊர்ஸ். அவர்தான் பிறகு என்னை நேரம் எடுக்கக் கூப்பிட்டவர். இவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தாரோ, இனி ஒருக்காலும் இவன் பிந்தமாட்டான் என்று நினைத்தாரோ, நான் கேட்கவில்லை. அவரிடம் போய், ஊர்ஸ், நான் திரும்பவும் உங்கள் எண்ணில் தடுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்வதா? கழகத்தில் ஒரே தமிழன் நான். நான் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் யோகநாயகம் மாற்றி எழுதினான் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், அந்தத் தமிழர் மாற்றி எழுதினார் என்பார்கள், அடுத்த தடவை இன்னொருவன் வந்து கேட்டால் யோசிப்பார்கள். சரி, பேசாமல் இருந்துவிட்டால்? ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குச் சந்தோஷம், அன்ரனுக்குச் சந்தோஷம், தாளும் அதைத்தான் சொல்கிறது. தோளில் ஜக்கெட் மட்டும் கொஞ்சம் பாரமாக இருக்கிறது. பீப், பீப், போகிறாள் இருபத்தாறு, அமுக்கு, நல்லவேளை. ஐந்தும் ஐம்பதும். 55. இப்படி ஒரு எண் லொட்டெக்கு வந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. எந்தப் பக்கத்தால் வந்தாலும் அதே ஆள்.

முதலில் உண்மை எது என்று எனக்கே தெரியவேண்டும். பிறகுதான் சொல்வதா விடுவதா. யோசி. லொட்டெ பாய்ந்தாள், விரல் அமுக்கியது, மணிக்கூட்டைப் பார்த்தேன், இரண்டு இலக்கம் தெரிந்தது, வாய் சொன்னது, கை எழுதியது, அப்போது மனதுக்குள் என்ன ஓடியது? ஏதோ ஓடியது. என் மனம் ஒரு நாளும் சும்மா நின்றதில்லை, அதுதான் பவளத்தின் முறைப்பாடே. கலியாண மண்டபம்? அது இருபதாம் இலக்கக்காரியோடு. மத்தியானச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு தவிர வேறு ஏதாவது இருக்குமா? அது இருபத்திரண்டு. இருபத்திமூன்றுக்கு, இருபத்திமூன்றுக்கு, சப்பாத்து! சப்பாத்தை நினைத்தேன். எண்ணைப் பார்த்ததும் சப்பாத்து ஞாபகம் வந்தது, இந்த நாட்டில் சப்பாத்தின் அளவும் எண்தானே. என் மகள் ஆரபியின் கால் 34. என்னுடைய கால் 43. கெட்டுது போ. உலகத்தில் இத்தனை அளவு இருக்க, எங்கள் வீட்டு வாசலில்தானா இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும்? சரி, ஆறுதலாக யோசி, யாருடைய சப்பாத்தை நினைத்தாய்? பனிச் சப்பாத்து. அவளும் பனிச் சப்பாத்துதான் கேட்கிறாள், நானும் பனிச் சப்பாத்துதான் போட்டு நிற்கிறேன். என்ன நிறம்? நிறம் நினைக்கவில்லை. என்ன நினைத்தேன்? இந்தக் குளிர்காலமும் இதையே போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஓம், இதே சொல்தான், சமாளிக்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்து எந்தத் தகப்பன் அப்படி நினைப்பான்? பிள்ளையின் கால் மார்கழிக்கு ஒன்று, தைக்கு ஒன்று. சமாளிக்கலாம் என்று ஒருவன் நினைப்பது தன் சப்பாத்தைத்தான். அதோடு அந்த நினைப்பில் ஒரு கள்ளத்தனமும் இருந்தது, இடது சப்பாத்தின் அடியில் வெடிப்பு விட்டதைப் பவளத்துக்குச் சொல்லாமல் நல்லெண்ணெய் போத்தலின் மூடியைச் சூடாக்கி ஒட்டி வைத்திருக்கிறேன், அந்தக் கள்ளத்தனம். ஆக நான் பார்த்தது 43. இரு. கால் குளிர்ந்ததால் சப்பாத்து ஞாபகம் வந்திருக்கலாமே, எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல்? கால் எப்போதும்தான் குளிர்கிறது, இருபத்திரண்டு பேர் போனபோதும் குளிர்ந்தது, அப்போதெல்லாம் வராத சப்பாத்து இருபத்திமூன்றுக்கு மட்டும் ஏன் வந்தது? எண்ணைக் கண்டதால் வந்தது. நாற்பத்து மூன்று. நான் கண்டேன். கை பிழை, வாய் சரி. இனித் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துவிட்டது. நல்ல காரியம் செய்தாய் யோகநாயகம், கண்டுபிடிக்காமல் விட்டிருக்கலாம். பீப். இருபத்தேழு. அமுக்கு. ஏழும் இருபதும். 27. இலக்கமும் அதுவே. இன்றைக்கு எல்லாரும் என்னோடு விளையாடுகிறார்கள்.

வோக்கி கரகரக்கிறது. மணி பத்து இருபத்தொன்பதரை.

"யோகி," என்கிறார் ஊர்ஸ். "இருபத்திமூண்டின்ரை நேரத்துக்கு நடுவர் குழு இப்ப கையெழுத்துப் போடப் போகுது. நாலும் முப்பதும். உறுதிதானே?"

அரை நிமிடம். ராகுவுக்கு இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள் ஊர்ஸ், ஒரு கிரகம் எழும்பிப் போகட்டும் என்று ஜேர்மனில் எப்படிச் சொல்வது? அன்ரன் என்னைப் பார்க்கிறார். நீலக் கண், இமை முடியில் பனி. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இரண்டெழுத்து, ஆறு வருடப் பேர் காப்பாற்றப்படும், ஊர் மாட்டுமணி அடிக்கும். நான் பயந்தவன், எனக்குத் தெரியும், எங்கும் வரிசையில் கடைசியில் நின்று பழகியவன். பொத்தானை அமுக்குகிறேன்.

"இல்லை," என்கிறேன். "மூண்டும் நாப்பதும். நாலு, மூண்டு. முதல் நாலு, பிறகு மூண்டு. தாளிலை மாத்தி எழுதிப்போட்டன்."

ஊர்ஸ் உடனே கேட்கிறார்.

"எப்பிடித் தெரியும்?"

"சப்பாத்து," என்கிறேன். என் வாய், என் சொந்த வாய், இதைத்தான் தேர்ந்தெடுத்தது. "என்ரை சப்பாத்தின்ரை அளவு. அந்த எண்ணைப் பாத்தோடனை சப்பாத்து ஞாபகம் வந்தது."

கீழே மூன்று பேர் மேசையில் உட்கார்ந்து சிரிக்காமல் இருக்கப் பாடுபடுகிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது.

"யோகி," என்கிறார் ஊர்ஸ், மெதுவாக, வருத்தமாகக்கூட, "நீ என்ன நினைச்சனி எண்டதுக்கு விதியிலை இடமில்லை. தாளிலை இருக்கிறதுதான் நேரம். சாட்சி இல்லாமல் நான் ஒண்டும் செய்யேலாது."

முடிந்தது. வெட்கமும் கெட்டேன், அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போதே என் கையிலிருந்து வோக்கி போய்விடுகிறது. அன்ரன் பிடுங்கிவிட்டார்.

"சாட்சி இருக்கு," என்கிறார். "தொடக்க நடுவர் கதைக்கிறன். அவன் உரத்துச் சொன்னதை நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான். மூண்டும் நாப்பதும் எண்டுதான் சொன்னவன்."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுக்கிறது. உரத்துச் சொன்னேன். ஒவ்வொன்றையும் உரத்துச் சொல்கிறேன், ஊர்ஸின் விதி, இவரும் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்கிறார், எண்கள் தலைகீழாக இல்லாத காதோடு. நான் என் மண்டைக்குள் சப்பாத்துக் கடை முழுக்கக் கிளறிக்கொண்டிருந்தபோது, விடை ஒரு முழத் தூரத்தில் பனித்தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

"உனக்குத் தெரியுமோ?" என்று கேட்கிறேன். "முதலே?"

"நீ வோக்கியிலை நாலும் முப்பதும் எண்ட உடனை தெரியும்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நாலு நிமிசமாப் போனைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். லடீனாவின்ரை பேரைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். நீ சொல்லாமல் விட்டால் நான் என்ன செய்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது யோகி. கேக்காதை."

கேட்கவில்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருக்கிறது, இந்த ஊரில் அது வழக்கம் இல்லை, அதோடு அடுத்தவள் வந்து வாசலில் நிற்கிறாள். சந்தோஷம் என்று நான் நினைத்த அந்த முகம் சந்தோஷம் இல்லை. இந்த மனிதரும் நாலு நிமிடம் என்னைப் போலவே ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு, வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார், அதுவும் அக்காவின் மகளுக்கு எதிராக, அதுவும் ராகு காலம் என்று ஒரு சாட்டுக்கூட இல்லாமல். பாவம். பீப், பீப். இருபத்தெட்டு போகிறாள், அமுக்கு. ஆறும் அறுபதும் என்று உரத்துச் சொல்கிறேன். ஆறும் அறுபதும் என்று அன்ரனும் சொல்கிறார், நான் 66 என்று எழுதுவதைக் குனிந்து பார்க்கிறார்.

"சரி," என்கிறார் ஊர்ஸ் வோக்கியில். "தொடக்க நடுவர் கேட்டவர் எண்டால் அது சாட்சி. உடனை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்புங்கோ. பெல்ஜியக்காரி மூண்டாவது. யோகி?"

"ஓம்?"

"சப்பாத்தை எழுதவேண்டாம்."

அன்ரன் என் பலகையை வாங்கி, என் தாளின் அடியில், கையுறையைக் கழற்றிவிட்டு எழுதுகிறார். பெயர், பதவி, இலக்கம் இருபத்திமூன்று, கேட்ட நேரம் பத்து இருபத்திரண்டு ஒன்று, புள்ளி. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். புள்ளிக்குப் பிறகு 3 என்று எழுதுகிறார். மூன்று, அன்ரன், மூன்றை ஏன் முதலில் எழுதுகிறாய், நீயுமா? அப்போதுதான் புள்ளிக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு வெறுமையான இடம் இருப்பதைக் காண்கிறேன். அன்ரன் பேனையைப் பின்னுக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தில் 4 என்று எழுதுகிறார். சொல்கிறபடியே எழுதுகிறார், மூன்றை முதலில், நாற்பதைப் பிறகு, ஆனால் முன்கூட்டியே நாற்பதுக்கு இடம் விட்டு. இருபத்திரண்டு வருடமாக இவர்களோடு இருக்கிறேன், இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் ஒருவரும் எழுதும்போது பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பலகையை என்னிடம் தருகிறார் அன்ரன். கையுறையை மாட்டுகிறார். கீழே மாட்டுமணிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குவது இங்கே வரை கேட்கிறது.

"அக்காவுக்கு ஆர் சொல்லுறது?" என்கிறார்.

"நான் சொல்லுறன்," என்கிறேன்.

"வேண்டாம்," என்கிறார் அன்ரன். "நீ எண்ணை மாத்திச் சொல்லிப்போடுவாய்."